மூடி மட்டும் என்னிடம்

அத்தியாயம் பதினான்கு

அஞ்சலகத்தின் பொதுப்பேனா காணாமற்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மேசைக்காலில் கட்டியிருந்த சணல் நூலில் முடிச்சு மட்டும் எஞ்சியிருந்தது. ஆகவே, சிதம்பரத்தின் அந்தச் சிறிய கிளைக்கு வருகிற எல்லாரும் பதிவுத் தபால் கவுன்ட்டரில் அமர்ந்திருக்கும் பிரிசில்லாவிடமே பேனா கேட்டார்கள்.

அவள் யாருக்கும் மறுத்ததில்லை. ஆனால், மூடியைத் தான் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்பாள். மூடியில்லாத பேனாவை மறதியாகக்கூட எவரும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவதில்லை. ஏழாண்டு உத்தியோகம் கற்றுக்கொடுத்த தற்காப்பு அது. ஒரு கையில் முத்திரைக்கட்டை, மறு கையில் உறை. மூடிக்கு இடம் பற்களின் நடுவில்தான்.

அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிவரை, இதில் அஞ்சத்தக்கது ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

“ஏம்மா பிரிசில்லா, திங்கக்கெழம அருள்முருகன்னு ஒரு காலேஜ் பையன் ரிஜிஸ்டர் தபால் போட்டானா பாரு,” என்று தொலைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார் போஸ்ட் மாஸ்டர் சிங்காரம்.

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். “போட்டிருக்கான் சார். சென்னைக்கு. ஏன் சார்?”

சிங்காரம் அவளுக்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியில், “ஆமாங்க, வந்திருக்கான்,” என்றார். அதை வைத்துவிட்டு, கவுன்ட்டரிலிருந்து இரண்டடி பின்வாங்கி நின்றார். அந்த இரண்டடியில்தான் அவளுடைய பயம் பிறந்தது.

“அந்தப் பையன ஆஸ்பத்திரில சேத்துருக்காங்களாம். பன்னிக் காய்ச்சலோன்னு சந்தேகம். தொண்டையில சளி எடுத்து டெஸ்டுக்கு சென்னைக்கு அனுப்பியிருக்காங்க. சுகாதாரத் துறை ஆளு இங்க வராரு. அதுவரைக்கும் நீ எதையும் தொடாத.”

“தொடாம எப்புடி சார் தபால் வாங்கறது?”

“அதுவும் சரிதான்,” என்று சொல்லிவிட்டு அவர் மூன்றாவது அடியும் விலகினார்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் ஆகஸ்ட் மாதம். வடக்கே புனேயிலிருந்து வந்த சாவுச் செய்திகள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் குடியேறியிருந்தன. மருந்துக்கடைகளில் முகமூடி தீர்ந்துவிட்டது. கடலூர்ப் பேருந்தில் யாரேனும் தும்மினால் ஓட்டுநரே திரும்பிப் பார்த்தார்.

பிரிசில்லா தன் முன்னால் கிடந்த நீலப் பேனாவைப் பார்த்தாள். அந்தப் பையன் அதைப் பிடித்து எழுதினான். அவன் எழுதி முடிக்கும்வரை மூடி அவள் வாயில் இருந்தது. பிறகு மூடியைப் பேனாவில் மாட்டினாள். அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுத்தபோது அதே மூடி மீண்டும் வாய்க்குப் போனது. அவன் இருமினானா? இருமினான் என்றே நினைவு சொன்னது. யோசிக்க யோசிக்க அந்த இருமல் பலத்துக்கொண்டே போனது.

தனக்கு வந்தால் வரட்டும் என்று அவளால் நினைக்க முடிந்தது. செவ்வாய்க்கிழமை மாலையை அப்படி நினைக்க முடியவில்லை.

அவளுடைய நாத்தனார் வெண்மதி, திருமணமாகி ஏழாண்டு கழித்துத் தரித்த முதல் பிள்ளையோடு, பிரசவத்துக்காகக் கடலூரிலுள்ள தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். அவள் உரக்கப் பேசினால்கூட பிரிசில்லாவின் மாமியார் ஞானாம்பாள், “மெதுவாடி, புள்ள பயந்துக்கும்,” என்று அதட்டுகிற அளவுக்கு வீடு முழுவதும் அந்தக் கருவைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது.

செவ்வாய் மாலை வெண்மதி, “அண்ணி, ஒரு பேனா இருந்தா குடுங்களேன். பேரெல்லாம் எழுதி வைக்கலாம்,” என்றாள். பிரிசில்லா கைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து, வீட்டில் எதற்கு எச்சரிக்கை என்று, மூடியோடு கொடுத்தாள். பதினெட்டுப் பெயர்கள் எழுதிய வெண்மதி, ஒவ்வொரு பெயருக்கும் முன்பு பேனாவின் பின்முனையைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

இன்று காலை பிரிசில்லா புறப்பட்டபோது, வெண்மதி இரண்டு முறை தும்மினாள்.

“கண்ணு, அந்தப் பேனாவக் குடு. அட்ரஸ் எழுதணும்.”

கவுன்ட்டருக்கு வெளியே தைலம்மாள் நின்றிருந்தாள். மாதம் இருமுறை மகனுக்குக் கடிதம் போடுகிறவள்.

“பேனா இல்லீங்க.”

“எதுர கெடக்குதே, அது இன்னா, வெள்ளரிப் பிஞ்சா?”

“அது தரக்கூடாதுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எழுதுனா மை தீந்துடும்னு பாக்கறியா? கவர்மென்ட் சம்பளம் வாங்கற. ஒரு பேனாவுக்கு இவ்ளோ ராங்கி ஆவாது தாயி,” என்றவள், பக்கத்திலிருந்தவரிடம் ஒரு பேனாவை வாங்கி எழுதினாள். பிறகு அஞ்சல்தலையை நாவில் தடவி உறையில் ஒட்டி, அந்த விரலாலேயே உறையைப் பிரிசில்லாவிடம் நீட்டினாள்.

பிரிசில்லா வாங்கவில்லை. அவள் கண்ணுக்கு அந்த மேசை முழுவதும் வேறாகிவிட்டிருந்தது. காலையிலிருந்து முப்பது பேர் விரல் விட்ட பசைக் கிண்ணம். விரலை நனைக்க வைத்திருந்த, தண்ணீர் மாற்றி எத்தனை நாளானதென்று தெரியாத நுரைப்பஞ்சு. கைரேகை வைப்பவர்களின் மைப்பெட்டி. முத்திரைக்கட்டையின் வழவழப்பான பிடி. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கைகள் பதிந்திருந்தன.

“வாங்கும்மா, கை வலிக்குது,” என்றாள் தைலம்மாள். “உறைக்குள்ள பாம்பா வச்சிருக்கேன்?”

சுகாதார ஆய்வாளர் பக்கிரி ஒரு மணிக்கு வந்தார். மூக்குவரை கைக்குட்டை கட்டியிருந்தார். பையிலிருந்து ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்து, எவர் அனுமதியையும் கேட்காமல் பேனாவைத் துடைக்கத் தொடங்கினார். பஞ்சு கருத்தது. இன்னொரு பஞ்சு எடுத்தார். அதுவும் கருத்தது.

“பாத்தீங்களா சார்? நாம கைகழுவுறோம், தரையக் கழுவுறோம். பேனாவ ஒருநாளாவது கழுவுனது உண்டா?” என்று சிங்காரத்திடம் கேட்டார். “இனிமே வர்றவுங்க அவுங்கவுங்க பேனாவக் கொண்டாரணும்னு போர்டு எழுதி வைங்க. மறந்துட்டு வர்றவங்களுக்கு ஒரு டப்பாவுல நாலு பேனா. ஒருத்தர் எழுதுனதும் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டுத்தான் அடுத்தவருக்கு. பசைக்குக் குச்சி போடுங்க. அந்த ஸ்பாஞ்ச இப்பவே எறிங்க. அப்பறம், எழுதுன கையால கண்ண, மூக்கத் தொடக்கூடாது.”

“பேனா மூடிய வாயில வச்சா?” என்று பிரிசில்லா கேட்டாள். தன் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவளுக்கே தெரியாது.

பக்கிரி பஞ்சைக் கீழே வைத்தார். “யாரு வச்சது?”

“நான்தாங்க. அந்தப் பையன் எழுதுன பேனா. திங்கக்கெழமையிலேருந்து… அவன் இருமுனான்.”

“திங்கக்கெழம அவன் இருமியிருக்க முடியாதும்மா.” பக்கிரி ஒரு காகிதத்தைப் பிரித்தார். “அந்தத் தம்பிக்கு ஒடம்பு சரியில்லாமப் போனதே புதன்கெழம விடியக்காலம். அதுக்கு முன்னாடி ஆளு கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்திருக்கான். அவன் இங்க என்னாத்தக் குடுத்துட்டுப் போனான்னு தேடி நான் வரல. இங்கேருந்து எதையாவது எடுத்துக்கிட்டுப் போனானான்னு பாக்க வந்தேன்.”

பக்கிரி காகிதத்தைத் திருப்பி எழுதத் தயாரானார்.

“உங்களுக்குச் சளி, இருமல் ஏதாவது?”

“ஞாயித்துக்கெழம லேசா தொண்டை கரகரன்னு இருந்துச்சு. ரெண்டு நாள்ல போயிடுச்சு.”

“அதுக்கு முன்னாடி வெளிநாட்டுலேருந்து வந்தவுங்க யாரையாவது பாத்தீங்களா?”

படித்தே அறியாத ஒரு பாடத்தில் கேள்வி கேட்கப்பட்ட மாணவியைப்போல அவள் திகைத்தாள். பார்த்திருந்தாள். சென்ற வியாழன் மாலை, பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள பேக்கரியில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தன் அண்ணன் தேவசகாயத்தை.

சென்ற அத்தியாயத்தின் அந்த அரைமணி நேரத்தை அவள் எவரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் ஆறாண்டு பழையது. கிறித்தவக் குடும்பத்துப் பிரிசில்லா, அன்பரசைத் தன் விருப்பப்படி மணந்துகொண்ட மறுநாள், தேவசகாயம் கடலூருக்கு வந்து ஞானாம்பாளைத் தெருவில் நிறுத்திவைத்து ஏசினான். தடுக்கவந்த அன்பரசின் முன்பல் உடைந்தது. அன்று ஞானாம்பாள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: “அவன் மூஞ்சியில முழிச்சன்னா, அப்புடியே அவங்கூடப் போயிடு. இந்த வூட்டுப் படி ஏறாத.”

பேக்கரியில் தேவசகாயம் இருமிக்கொண்டுதான் இருந்தான். “ஃபிளைட்டு ஏசி ஒத்துக்கல புள்ள,” என்றான். அவளுடைய பேனாவை வாங்கி, கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். பழக்கம் பொல்லாதது, அண்ணனிடம்கூட அவள் மூடியைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தாள்.

“பாத்தீங்களாம்மா?” என்று பக்கிரி மறுபடி கேட்டார்.

சிங்காரம் அருகில் நின்றார். அவருடைய மனைவியும் ஞானாம்பாளும் திருவந்திபுரம் கோயிலுக்குச் சேர்ந்து போகிறவர்கள். இங்கே சொல்லும் சொல் மாலைக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

“இல்லீங்க,” என்றாள் பிரிசில்லா.

பக்கிரி அதை எழுதிக்கொண்டார்.

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் பேருந்து ஏறினாள். சன்னலோர இருக்கையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அமர்ந்தாள். நோய் தன்னிடம் வராமலிருக்க ஊரே வாயை மூடியிருந்தது. தன்னிடமிருந்து போகாமலிருக்க மூடியவள் அந்தப் பேருந்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

திங்கள் முதல் இன்றுவரை அந்தப் பேனாவால் எழுதியவர்களை எண்ணத் தொடங்கினாள். பென்ஷன் வாங்க வந்த பெரியவர். விசா விண்ணப்பம் அனுப்பிய லால்பேட்டைப் பெண், இடுப்பில் குழந்தையோடு. தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள். எழுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினாள். புதுச்சத்திரம் கழிந்தபோது அடித்தொண்டையில் இருமல் ஒன்று எழுந்தது. அதை வெளியே விடாமல் விழுங்கியதில் கண்களில் நீர் கோத்தது.

கைபேசி ஒலித்தது. அன்பரசு. அவன் கடலூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியன்.

“பிரிசி, எங்க இருக்க? வெண்மதிக்குக் காய்ச்சல் அடிக்குது. நூத்தி ரெண்டு. அம்மா கஷாயம் வச்சிக் குடுத்தாங்க, நிக்கல. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறோம். நீ நேரா அங்க வந்துடு.”

“மூச்சு வாங்குதா?”

“ஏன் அப்புடிக் கேக்கற?”

இணைப்பு அறுந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று கைபேசியை மடியில் வைத்தாள்.

உடனே அண்ணனின் எண்ணை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் சொன்னது. முதுநகர்ப் பாலம் வருவதற்குள் பதினோரு முறை அழைத்தாள்.

மருத்துவமனையில் காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு வெளிக்கூடம் ஒதுக்கியிருந்தார்கள். மாலை ஐந்து மணி. நீள்பெஞ்சியில் வெண்மதி தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். உதடுகள் வெளுத்திருந்தன. ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

“அண்ணி,” என்றாள். “காலையிலேருந்து புள்ள அசையவே மாட்டேங்குது. மத்தியானம் ஒரே ஒரு தடவதான்.”

பிரிசில்லா அருகே போகக் கால் எடுத்தாள். எடுத்த காலைப் பின்வைத்தாள்.

“கிட்ட வந்து ஒக்காரேன். ஏன் வேத்து ஆளாட்டம் நிக்கற?” என்றாள் ஞானாம்பாள்.

“இல்ல அத்த. நான் கிட்ட வரக்கூடாது.”

அன்பரசு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் உள்ளே அழைத்தார்கள்.

இளம் பெண் மருத்துவர். முகமூடிக்கு மேலே களைத்த கண்கள். முதலில் கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டார். பிரிசில்லா கதவோரத்திலேயே நின்றாள்.

“துடிப்பு இருக்கு. கொஞ்சம் வேகமா இருக்கு, காய்ச்சலால,” என்றார் மருத்துவர். “இப்போ கேள்வி இதான். இது சாதாரண சளிக்காய்ச்சலாவும் இருக்கலாம். எட்டு மாசம், அவசியமில்லாம ஒரு மாத்திரைய ஆரம்பிக்க நான் விரும்பல. ஆனா அந்தக் காய்ச்சலா இருந்தா, ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வூட்டுல யாருக்காவது, பழகுனவங்க யாருக்காவது இருக்கா?”

“இல்லீங்க டாக்டர்,” என்றான் அன்பரசு.

“இருக்கு,” என்றாள் பிரிசில்லா.

அவள் சொல்லத் தொடங்கினாள். பேனா, மூடி, கல்லூரி மாணவன், பதினெட்டுப் பெயர்கள். சொல்லச் சொல்ல, ஞானாம்பாளின் கை மகளின் தோளைச் சுற்றி இறுகிக்கொண்டே வந்தது.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். “அந்தப் பையனுக்கே இன்னும் உறுதியாகல. அதுவும் பேனா வழியா… சந்தேகத்துக்கு மேல சந்தேகமா இருக்கேம்மா. அத மட்டும் வச்சி நான் முடிவெடுக்க முடியாது. வெளிநாட்டுலேருந்து வந்த யாரோடயாவது நேரடித் தொடர்பு உண்டா? அதச் சொல்லுங்க.”

ஒரு சொல் போதும். அதோடு ஆறாண்டு வாழ்க்கை முடிந்துவிடக்கூடும். பிரிசில்லா கணவனைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்க்கவில்லை. வெண்மதியின் வயிற்றின்மேலிருந்த கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கை எதையோ எதிர்பார்த்து, ஓரிடத்தில் தட்டி, மறுபடி காத்திருந்தது.

“உண்டு டாக்டர். எங்க அண்ணன். சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கு. போன வியாழக்கெழம பேக்கரில பாத்தேன். இருமிக்கிட்டேதான் இருந்துச்சு. அந்தப் பேனாவுலதான் எழுதுச்சு. அதுக்கப்பறம்தான் எனக்குத் தொண்ட வலிச்சது. மத்தியானம் சுகாதார ஆய்வாளர் கேட்டாரு, இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். அவருக்கும் சொல்லிடுங்க.”

அன்பரசின் விரல், தன்னையறியாமல், மேலுதட்டைத் தொட்டது.

“ஒரு வாரமா எங்கிட்ட சொல்லல,” என்றான். அது கேள்வியாகவும் இல்லை, குற்றச்சாட்டாகவும் இல்லை.

மருத்துவர் மருந்துச்சீட்டை இழுத்துக்கொண்டார். “போதும். இப்பவே மொத மாத்திரை. இன்னிக்கு இங்கயே படுக்கட்டும். நீங்களும் தொண்டையில டெஸ்ட் குடுத்துட்டுத்தான் போவணும். உங்க அண்ணன் எங்க தங்கியிருக்காரு?”

“தெரியல டாக்டர். போன் அடிச்சேன், ஆஃப் பண்ணியிருக்கு.”

“அவரப் பாக்கணுமே. அவரு எத்தன பேரப் பாத்திருக்காரோ.”

“பெண்ணாடத்துல இருக்கான்,” என்றாள் ஞானாம்பாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“சக்கர ஆலைக்குப் பின்னால, கூட்டாளி ஒருத்தன் வூட்டுல. போன வெள்ளிக்கெழம எங்க வூட்டுக்கு வந்திருந்தான். இவ வேலைக்குப் போயிருந்தா, நீயும் ஸ்கூலுக்குப் போயிட்ட.” மகனை நோக்கி அதைச் சொன்னவள், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “வெண்மதிதான் கதவத் தொறந்து வுட்டா. நான்தான் உள்ள ஒக்காரச் சொன்னேன். அரை மணி நேரம் இருந்தான்.”

“அம்மா, அவனையா?” என்றான் அன்பரசு.

“அதெல்லாம் பொறவு. மொதல்ல போயி தண்ணி பாட்டில் வாங்கியா. புள்ளத்தாச்சி மாத்தர முழுங்கணும்.”

அவன் போனான். தாதி வெண்மதியை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் தொலைபேசியை எடுத்துப் பெண்ணாடம் சுகாதார நிலையத்தின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

மற்ற இருவரும் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தார்கள். பிரிசில்லா சுவரோடு ஒட்டி நின்றாள். ஞானாம்பாள் நேராக வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். ஆறாண்டில் அவள் அப்படிப் பிடித்தது அதுவே முதன்முறை.

“கையை விடுங்க அத்த. எனக்கு அது இருக்கலாம்.”

“இருந்தா இருக்கட்டும்.” ஞானாம்பாளின் உள்ளங்கை சுட்டது. அது யாருடைய சூடு என்று பிரிசில்லாவுக்குப் புரியவில்லை. “நீ மறைக்காம சொல்லிட்ட. நானும் ஒண்ணு சொல்லிடணும். அன்னிக்கு அவன் என்னா கேட்டான் தெரியுமா? எந்தங்கச்சி இங்க சந்தோஷமா இல்ல, நான் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்னான்.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“சரின்னுட்டேன்டி. நாளைக்கு வரான்.”

தாழ்வாரத்தின் மறுமுனையில், அன்பரசு தண்ணீர் பாட்டிலோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தான்.